சுற்றுப்பாதையில் ஆய்வு: சொந்தச் செயற்கைக்கோளா, வாடகை இடமா?

சில காராமணி விதைகள், ஓர் எல்.இ.டி. விளக்கு, ஒரு சின்ன ஹீட்டர், ஒரு கேமரா. எல்லாவற்றையும் அடக்கிய ஒரு மூடிய பெட்டி. விண்வெளியில் விதை முளைத்து இலை விடுகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஒரு யோசனையோடு ஒரு கல்லூரி அணி கூடி உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒருவர் "நாமே ஒரு செயற்கைக்கோள் செய்துவிடலாமே" என்பார். ஆசை நியாயமானதுதான். ஆனால் பெட்டியை எதில் ஏற்றி அனுப்புவது என்ற முடிவை ஆசையிடம் விடாமல் கணக்கிடம் விட்டால் விடை வேறு மாதிரி வரும்.

கேட்க வேண்டியவை மூன்று. பெட்டிக்கு எத்தனை வாட் வேண்டும்? எத்தனை நாள் ஓட வேண்டும்? முடிந்தபின் உள்ளே இருப்பது நம் கைக்குத் திரும்ப வேண்டுமா?

நம் பெட்டிக்குச் சராசரியாக 5 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாள் என்றால் 168 மணி நேரம், ஆக மொத்தம் 840 வாட்-மணி. வீட்டு மீட்டரில் இது ஒரு யூனிட்கூட ஆகாது. மேலே போனால் இதே ஒரு யூனிட்டுக்காகத்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விண்கலத்துக்கு மின்சாரம் தரும் கண்டுபிடிப்புகள் அத்தனையையும் இந்த 840 வாட்-மணியை வைத்தே எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது பேட்டரி. தரையிலேயே சார்ஜ் ஏற்றி அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததே! 1957 அக்டோபர் 4 அன்று ஏறிய ஸ்புட்னிக் அப்படித்தான் போனது. மொத்தம் 83.6 கிலோ எடையில் சுமார் 51 கிலோ வெள்ளி-துத்தநாக பேட்டரிகள். மூன்று வாரம் பீப் ஒலி கேட்டது, அப்புறம் பேட்டரி தீர்ந்தது. இன்றைய லித்தியம்-அயான் கலங்கள் எவ்வளவோ மேல். 18650 என்று கடையில் கேட்டால் கிடைக்கும் உருளைக் கலங்களில் நல்லதாக ஒன்றை எடுத்தால் ஏறக்குறைய 12.6 வாட்-மணி பிடிக்கும், 48 கிராம் அளவில் எடை இருக்கும். நம் பெட்டிக்கு 67 கலம் வேண்டும். கலங்கள் மட்டுமே மூன்று கிலோவைத் தாண்டும். அவற்றைக் கட்டிப்பிடிக்கும் சட்டம், பாதுகாப்புச் சுற்று, வெப்பத்தைக் கடத்தும் தகடு எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஏறும். சில விதைகளுக்கு இவ்வளவு சுமையா? ஒரு நாள் ஆய்வு என்றால் பத்துப் பதினைந்து கலத்தோடு போய்விடலாம். ஏழு நாளுக்கு ஒத்துவராது.

அடுத்தது சூரியத் தகடு. 1958 மார்ச் 17 அன்று அமெரிக்கா அனுப்பிய வான்கார்டு-1 ஒன்றரைக் கிலோகூட இல்லாத ஒரு குட்டிக் கோளம். அதில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தன. பேட்டரியில் ஓடியது அந்த ஜூனிலேயே நின்றுவிட்டது. ஆறு சூரியக் கலங்களில் ஓடியது 1964 வரை பேசியது. செயற்கைக்கோளுக்கு எது சோறு போடும் என்ற விவாதம் அந்த ஒரே செயற்கைக்கோளிலேயே முடிந்துபோனது என்று சொல்லலாம். இன்று தாழ் சுற்றுப்பாதையில் இருப்பவற்றில் ஏறக்குறைய எல்லாமே சூரியத் தகடும் சார்ஜ் ஏறும் பேட்டரியும் சேர்ந்த ஜோடியில்தான் ஓடுகின்றன.

இனி சொந்தச் செயற்கைக்கோள் கணக்குக்கு வருவோம். 1999-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, கால் பாலி பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வகுத்த கியூப்சாட் என்ற சிறு செயற்கைக்கோள் அளவில் ஓர் அலகு என்பது 10 சென்டிமீட்டர் கனசதுரம். அதன் ஒரு முகத்தில் 30 சதுர சென்டிமீட்டர் கலங்கள் இரண்டு உட்காரும். பூமிக்கு அருகே ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் 1,361 வாட். விண்வெளிக்கென்று செய்யப்படும் மூன்றடுக்குக் கலங்களின் திறன் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பெருக்கிப் பார்த்தால் வெயில் நேராக அடிக்கும்போது ஒரு முகத்துக்கு 2.4 வாட் கிடைக்கும். ஆனால் செயற்கைக்கோள் உருண்டுகொண்டே போகும். அதோடு 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்று சுமார் 94 நிமிடம், அதில் 36 நிமிடம் வரை பூமியின் நிழல். எல்லாவற்றையும் கழித்தால் சராசரி 2 வாட் அளவில் வந்து நிற்கும். அதிலும் கணினிக்கும் ரேடியோவுக்கும் ஒரு பங்கு போய்விடும். நம் 5 வாட் பெட்டிக்கு இது போதாது.

மூன்று அலகுச் செயற்கைக்கோள் என்றால்? உடல் முழுக்கச் சூரியக் கலம் ஒட்டினாலும் சராசரி 5 வாட்டைச் சுற்றித்தான் வரும். பெட்டிக்கே அது சரியாகப் போய்விடும், ரேடியோ பட்டினி கிடக்கும். ஆக, விரியும் தகடுகள் வேண்டும், இல்லை ஆறு அலகுக்குப் போக வேண்டும். விரியும் தகடு என்றாலே கீல், சுருள்வில், பிடித்துவைக்கும் நைலான் நூல், அந்த நூலை எரித்து அறுக்கும் சூட்டுக் கம்பி என்று ஒரு பட்டியல் வந்துவிடும். அவற்றில் எது சொதப்பினாலும் ஆய்வு அங்கேயே முடிந்தது.

பேட்டரியின் கணக்கு வேடிக்கையானது. நிழலில் 36 நிமிடம், பெட்டிக்கும் செயற்கைக்கோளுக்குமாக 7 வாட் என்றால் 4.2 வாட்-மணி போதும். ஒரே ஒரு 18650 கலமே இதைக் கொடுத்துவிடும். ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் 15 தடவை நிழலுக்குள் போய் வரும், ஆண்டுக்கு ஏறக்குறைய 5,500 தடவை. ஒவ்வொரு தடவையும் பேட்டரியை ஆழமாக இறக்கினால் அது சீக்கிரம் செத்துப்போகும் என்பதால், கொள்ளளவில் இருபது முப்பது சதவீதத்துக்கு மேல் தொடக்கூடாது என்று வைத்துக்கொள்வார்கள். குறைந்தது இரண்டு கலம் வேண்டும். சரி, இரண்டு தானே என்று தோன்றும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம்-அயான் கலத்துக்கு சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே எதிர்மின்முனையின் மேல் படிந்து கலத்தைக் கெடுத்துவிடும். நிழலை விட்டு வெளியே வரும்போது பேட்டரி குளிர்ந்து கிடக்கும், சரியாக அந்த நேரத்தில்தான் வெயில் பட்டு சார்ஜ் ஏறத் தொடங்கும். அதனால் பேட்டரிக்கே ஒரு ஹீட்டர் வைக்க வேண்டும். அந்த ஹீட்டர் தின்பதும் நம் வாட்தான்.

இதையெல்லாம் மாணவர்கள் செய்துகாட்டவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். அதுவும் தமிழ்நாட்டிலிருந்தே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் 2009 ஏப்ரல் 20-ல் ஏறி மூன்று ஆண்டு சுற்றியது. எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபரில் போனது. பசுங்குடில் வாயுக்களைப் பார்க்க ஒரு நிறமாலைமானி வைத்திருந்தார்கள். 2016-ல் சத்யபாமாசாட், 2017-ல் குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட். இவற்றின் பெரிய விளைச்சல் செயற்கைக்கோள் செய்யத் தெரிந்த பொறியாளர்கள். மாணவர்களுக்குக் கலம் செய்யக் கற்றுத்தருவதுதான் நோக்கம் என்றால் அந்த வழியே சரி. விதை முளைப்பதைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், கணக்கில் வராத ஒன்று இருக்கிறது: மின்சாரம் நின்றால் ஆய்வும் நிற்கும்.

இந்தியாவின் முதல் செயற்கைக்கோளிலேயே அது நடந்தது. 1975 ஏப்ரல் 19-ல் ரஷ்யாவின் கபூஸ்தின் யாரிலிருந்து ஏறிய ஆரியபட்டா 360 கிலோ. எக்ஸ்-கதிர் வானியல், சூரியனிலிருந்து வரும் நியூட்ரான், மேல் வளிமண்டலம் என்று மூன்று ஆய்வுகள் அதில் இருந்தன. நான்கு நாள், 60 சுற்று. அதோடு மின் விநியோகத்தில் கோளாறு வந்து ஆய்வுக் கருவிகள் அணைந்தன. கலம் அதன்பிறகும் இயங்கியது, தரையோடு பேசியது. ஒரு செயற்கைக்கோளை வடிவமைத்து, கட்டி, கட்டுப்படுத்த முடியும் என்று இஸ்ரோ நிரூபிக்க அது போதுமாக இருந்தது. அந்த மூன்று ஆய்வுகளை நம்பியிருந்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு.

சொந்தமாகச் செய்வதில் இன்னொரு பெரிய வேலை காகிதத்தில் இருக்கிறது. தனிச் செயற்கைக்கோள் என்றால் தனி அலைவரிசை வேண்டும். அமெச்சூர் அலைவரிசை என்றால் அதற்கான சர்வதேச ஒருங்கிணைப்பு, தில்லியில் உரிமம், தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி. ஆயுள் முடிந்ததும் கலம் எப்படிக் கீழே விழும் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். 2030-க்குள் குப்பையில்லாத ஏவுதல்கள் என்று இஸ்ரோ இலக்கு வைத்திருக்கும்போது இந்தக் கேள்வி இனி கடுமையாகத்தான் ஆகும்.

மற்ற கண்டுபிடிப்புகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கதிரியக்க வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டர் அற்புதமான பொருள். 1977-ல் போன வாயேஜர் கலங்கள் ஏறும்போது 470 வாட்டோடு ஏறின. ஆண்டுக்கு ஏறக்குறைய 4 வாட் குறைந்தாலும் சூரிய ஒளி எட்டாத இடத்திலிருந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் புளூட்டோனியம்-238-இன் அரை ஆயுள் 87.7 ஆண்டு. தாழ் சுற்றுப்பாதைக்கு இது வேண்டவே வேண்டாம். 1964-ல் சுற்றுப்பாதையை எட்டத் தவறிய ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளோடு அதன் புளூட்டோனியமும் வளிமண்டலத்தில் எரிந்து பரவியது. 1978 ஜனவரியில் சோவியத்தின் காஸ்மாஸ்-954 அணு உலையோடு கனடாவின் வடக்கே விழுந்தது. கல்லூரி அணிக்கு இந்தப் பத்தி தேவையே இல்லை, ஆனாலும் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்கத்தான் செய்வார்.

மின்கடத்தும் நீளக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, அது பூமியின் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு போகும்போது மின்சாரம் எடுக்கலாம் என்பது இன்னொன்று. 1996 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நீளத்துக்குக் கயிற்றை விட்டார்கள். 3,500 வோல்ட் வரை வந்தது. அப்புறம் காப்பு உறையில் ஒரு குறை இருந்த இடத்தில் மின்பொறி பாய்ந்து கயிறே எரிந்து அறுந்தது. இயற்பியல் சரிதான் என்று உலகுக்குத் தெரிந்தது. இந்த மின்சாரம் இலவசமும் இல்லை. எடுக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் கலம் தன் உயரத்தில் கொஞ்சம் இழக்கிறது.

எரிபொருள் கலத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம், உபரியாகத் தண்ணீர். 1965-ல் ஜெமினி-5-இல் முதலில் ஆளோடு பறந்தது, அப்பல்லோவுக்கும் விண்ணோடத்துக்கும் அதுதான் உயிர்நாடி. விண்ணோடத்தில் மூன்று எரிபொருள் கலங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் தொடர்ந்து 7 கிலோவாட் கொடுக்கும். வீரர்கள் குடித்தது அதிலிருந்து வந்த தண்ணீரை. நம் 840 வாட்-மணிக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான வாயு போதும். பேட்டரியின் மூன்று கிலோவோடு வைத்துப் பார்த்தால் எரிபொருள் கலம் ஜெயித்ததுபோலத் தோன்றும். ஆனால் அந்த வாயுவை அழுத்தத்தில் அடைத்துவைக்கும் உருளையையும் வால்வுகளையும் சேர்த்தால் கணக்கு தலைகீழ். சிறிய அளவில் இது எடுபடாது, பெரிய அளவில்தான் எடுபடும். மனிதர்கள் தங்கும் நிலையத்துக்கு மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து கிடைப்பது இரட்டை லாபம். வருங்கால விண்வெளி நிலையத்தை மனதில் வைத்துத்தான் இஸ்ரோ 2024 ஜனவரியில் 100 வாட் வகை எரிபொருள் கலம் ஒன்றைச் சுற்றுப்பாதையில் சோதித்தது. 180 வாட் வரை வந்தது. அதைச் சோதிக்க இஸ்ரோ தனிச் செயற்கைக்கோள் செய்யவில்லை. வேலை முடிந்தபின் சுற்றிக்கொண்டிருக்கும் ராக்கெட் கட்டம் ஒன்றில் பொருத்தி அனுப்பியது. நம் பெட்டிக்கும் அந்த இடம்தான் சரி என்பது என் கட்சி.

அந்த இடத்தின் பெயர் போயம். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டம் செயற்கைக்கோளை இறக்கிவிட்டபின் வேலையில்லாமல் சுற்றும் வெறும் உலோகம். அதை ஏன் வீணாக்குவது என்று யோசித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். முதலில் 2019 ஜனவரியில் சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் 1.26 கிலோ கலாம்சாட் இப்படி நான்காம் கட்டத்தோடு ஒட்டிப் பறந்தது. அப்போது தகடு இல்லை, பேட்டரி மட்டும்தான், ஆயுளும் குறைவு. அந்த ஏப்ரலில் பறந்த பி.எஸ்.எல்.வி.-சி45-இல் நான்காம் கட்டத்துக்கே சூரியத் தகடு ஒட்டினார்கள். 2022 ஜூன் 30-ல் பறந்த போயம்-1-இல் தகடும் லித்தியம்-அயான் பேட்டரியும் மட்டுமில்லாமல், கட்டம் தன் நிலையைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது: சூரிய சென்சார்கள், காந்தமானி, கைரோ, ஹீலியம் வாயு பீய்ச்சும் சின்ன முனைகள்.

நாம் கொண்டுபோவது பெட்டியை மட்டும். மின்சாரம், தரையோடு பேச்சு, நிலைப்பாடு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகை இடம் என்று தலைப்பில் சொன்னதும் இதனால்தான். வாடகை வீட்டுக்கே உரிய கட்டுப்பாடுகளும் உண்டு. எந்தச் சுற்றுப்பாதை, எந்தத் தேதி, எத்தனை நாள் என்பதை முக்கியச் செயற்கைக்கோள் தீர்மானிக்கும். பெட்டி எப்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பக்கத்துப் பெட்டிக்கு உங்கள் பெட்டி தொல்லை தரக்கூடாது.

இப்போது நம் விதைகள். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களை ஏற்றிச்சென்ற பி.எஸ்.எல்.வி.-சி60-இன் நான்காம் கட்டம் போயம்-4 ஆக மாறியது. அதில் 24 ஆய்வுக் கருவிகள், அவற்றில் 10 இஸ்ரோவுக்கு வெளியே இருந்து வந்தவை. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த கிராப்ஸ் பெட்டி அதில் ஒன்று. மூடிய பெட்டிக்குள் எட்டுக் காராமணி விதைகள், வெப்பநிலையைக் கட்டுப்பாட்டில் வைக்கும் ஏற்பாடு, கேமரா, ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம் அளக்கும் சென்சார்கள். நான்கே நாளில் முளைத்தன, அப்புறம் இலையும் விட்டன. படத்தில் பார்த்தால் பெரிய விஷயமாகத் தெரியாது, மண்ணைக் கீறிக்கொண்டு வெளிவந்த வெளிறிய பச்சைத் தண்டும் இரண்டு சின்ன இலைகளும்தான். ஆனால் பெட்டிக்கு வெளியே வெற்றிடம், ஒவ்வொரு சுற்றிலும் வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கிறது. உள்ளே மட்டும் ஒரு விதைக்குத் தோதான சூடும் காற்றும் இருந்தாக வேண்டும். ஈர்ப்பில்லாத இடத்தில் சூடான காற்று மேலே போகாது, ஏனென்றால் "மேலே" என்ற ஒன்றே இல்லை. விளக்கின் வெப்பம் விளக்கைச் சுற்றியே தேங்கிக் கிடக்கும். ஒரு மின்விசிறி வைக்க வேண்டும், அல்லது வெப்பத்தை உலோகம் வழியாக இழுத்து விட வேண்டும். அணியின் மூளை செலவாக வேண்டிய இடம் இதுதான். சொந்தக் கலம் செய்யக் கிளம்பினால் அந்த மூளை முழுவதும் ஆன்டெனாவுக்கும் அனுமதிக் காகிதத்துக்கும் போய்விடும்.

அதே போயம்-4-இல் பெங்களூரு ஆர்.வி. கல்லூரி மாணவர்களின் நுண்ணுயிர்ப் பெட்டியும், அமிட்டி பல்கலைக்கழகத்தின் பசலைக்கீரைத் திசுப் பெட்டியும் பறந்தன. கல்லூரிக்கு இடம் கிடைக்குமா என்ற சந்தேகத்துக்கு இதுவே பதில்.

போயத்தின் ஆயுளையும் பார்ப்போம். போயம்-3-ஐ 350 கிலோமீட்டருக்கு இறக்கி ஓடவிட்டார்கள். 2024 ஜனவரி 1-ல் ஏறியது, மார்ச் 21-ல் வட பசிபிக்கில் விழுந்தது. போயம்-4 2025 ஏப்ரல் 4-ல் இந்தியப் பெருங்கடலில் விழுந்தது. ஆக, மூன்று மாத அளவு. விதைக்கு இது தாராளம். ஒரு சூரியக் கலத்தின் திறன் இரண்டு ஆண்டில் கதிர்வீச்சால் எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க நினைப்பவருக்கு இது உதவாது, அவர் சொந்தச் செயற்கைக்கோளுக்குத்தான் போக வேண்டும். குப்பைக் கணக்கில் பார்த்தால் இந்த மூன்று மாதமே பெரிய சலுகை. விழும் ஏற்பாட்டை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்கிறார்.

குறையும் உண்டு. போயம் கிடைக்க பி.எஸ்.எல்.வி. பறக்க வேண்டும், பறந்து வெற்றியும் பெற வேண்டும். 2025 மே 18-ல் பி.எஸ்.எல்.வி.-சி61 மூன்றாம் கட்டத்தில் தோற்றது. இப்படி ஒரு தோல்வி வந்தால் காரணம் கண்டு சரிசெய்யும்வரை வரிசையில் இருக்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். இறுதியாண்டு மாணவர்கள் அதற்குள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். ராக்கெட் தோற்றால் சொந்தக் கலமும்தான் போகும் என்பது உண்மை. ஆனால் சொந்தக் கலத்தை வேறு நாட்டு ராக்கெட்டில் ஏற்ற வழி இருக்கிறது, போயம் பெட்டிக்கு அது கிடையாது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஆய்வுப் பொருள் திரும்ப வேண்டுமா? விதையின் வேர் எந்தப் பக்கம் வளைந்தது என்பதைக் கேமரா சொல்லும். அதன் செல்லுக்குள் எந்த மரபணு விழித்தது என்பதைத் தரையில் உள்ள ஆய்வகம்தான் சொல்ல முடியும். போயம் எரிந்து விழும்போது செடியும் அதோடு எரிகிறது.

திரும்ப வேண்டும் என்றால் இன்றைக்குத் தெளிவான வழி சர்வதேச விண்வெளி நிலையம். 2025 ஜூன் 25-ல் ஆக்ஸியம்-4 பயணத்தில் கிளம்பிய சுபான்ஷு சுக்லா 7 இந்திய ஆய்வுகளை அங்கே செய்தார். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் ஐ.ஐ.டி.யும் கொடுத்த பச்சைப்பயறும் வெந்தயமும் அங்கே முளைத்தன, ஜூலை 15-ல் கலம் கடலில் வந்து இறங்கியது. மின்சாரத்தைப் பொறுத்தவரை அங்கே நம் 5 வாட்டை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். எட்டுப் பெரிய தகடு இறக்கைகளிலிருந்து 84 முதல் 120 கிலோவாட் வருகிறது. 2021 முதல் சுருட்டி விரியும் புதிய தகடுகளையும் சேர்த்து வருகிறார்கள். பெட்டி செய்வதும் எளிது, ஏனென்றால் வெளியே வெற்றிடம் கிடையாது, மனிதர் சுவாசிக்கும் காற்று இருக்கிறது. எங்காவது சிக்கினால் தட்டிப் பார்க்க ஒரு கை இருக்கிறது.

விலை பாதுகாப்பு விதிகளில் வரும். மனிதர் இருக்கும் இடம் என்பதால் பெட்டியின் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் தீப்பிடிக்குமா, நச்சு வாயு விடுமா என்று கேட்பார்கள். உள்ளே ஒரு சின்ன லித்தியம் பேட்டரி இருந்தால் அதற்கே தனி விசாரணை. மின்சாரம் அங்கேயே கிடைப்பதால் பேட்டரியே வைக்காமல் செய்வது புத்திசாலித்தனம். தேதியும் நம் கையில் இல்லை, ஆக்ஸியம்-4 எத்தனை தடவை தள்ளிப்போனது என்பதைச் செய்தியில் பார்த்தோம். உயிருள்ள மாதிரிகளை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு தள்ளிவைப்பும் மறுபடி தயாரிப்புதான். நிலையத்தை 2030-க்குப் பிறகு இறக்கிவிடுவதாகத் திட்டம், ஆகவே இப்போது யோசனை தொடங்கும் அணிக்கு அங்கே அதிக காலம் இல்லை.

போகிறபோக்கில் ஒன்று. அந்த நிலையத்தின் பழைய நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளைக் கழற்றி லித்தியம்-அயானுக்கு மாற்றியபோது, பழையவற்றை ஒரு தட்டில் அடுக்கி 2021 மார்ச்சில் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அதன் முக்கால் கிலோ உலோகத் துண்டு ஒன்று எரியாமல் தப்பி ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்தது. யாருக்கும் அடிபடவில்லை. எரிந்துவிடும் என்று போட்ட கணக்கு எரியாமல் வந்து விழுந்ததற்கு இது நல்ல சான்று.

ஆளில்லாத, திரும்பி வரும் கலமும் ஒரு வழி. இந்தியா 2007 ஜனவரியில் 550 கிலோ எடையுள்ள மீட்புக் கலத்தை அனுப்பி, 12 நாளில் வங்காள விரிகுடாவில் இறக்கி எடுத்தது. உள்ளே ஈர்ப்பின்மை ஆய்வுகள் இரண்டு இருந்தன. நாம் இடம் கேட்டு வாங்கும் அளவுக்கு அது வழக்கமான சேவையாக வளரவில்லை. அமெரிக்காவின் வார்டா நிறுவனம் ரிட்டோனவிர் மருந்துப் படிகங்களை வளர்த்து 2024 பிப்ரவரியில் யூட்டாவில் இறக்கியது. அந்தக் கலம் 2023 ஜூனிலேயே ஏறிவிட்டது, தரையிறங்க அனுமதி கிடைக்காமல் மாதக்கணக்கில் சுற்றியது. படிகம் காத்திருக்கும், செடி காத்திருக்காது.

சில நொடியோ சில நிமிடமோ போதும் என்ற ஆய்வு என்றால் சுற்றுப்பாதையே தேவையில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பொருளை மேலிருந்து விட்டு ஈர்ப்பின்மையைச் சில நொடி பிடிக்கும் கோபுரம் இருக்கிறது. தீச்சுடர் எப்படி எரிகிறது, திரவத்துளி எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கெல்லாம் அதுவே போதலாம். பல அணிகள் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ராக்கெட்டுக்கு மனுப் போடுகின்றன.

ஆக, நான் அந்தக் கூட்டத்தில் இருந்தால் என் ஓட்டு போயத்துக்கு. காராமணி ஏற்கெனவே அங்கே முளைத்திருக்கிறது, ஆகவே அணி வேறு விதை, வேறு ஒளி, வேறு மண் என்று அடுத்த கேள்வியிலிருந்து தொடங்கலாம். மரபணுவைப் பார்க்கும் திட்டம் இருந்தால் விண்வெளி நிலையம், அதுவும் ஏற்கெனவே அங்கே பெட்டி அனுப்பிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து. சொந்தக் கலத்துக்கு நான் கைதூக்குவது இரண்டே நிலையில்: ஆய்வுப் பொருளே கலத்தின் ஓர் உறுப்பாக இருக்கும்போது, அல்லது மூன்று மாதம் போதாது என்று கணக்கு சொல்லும்போது.

முடிவு எதுவானாலும் பெட்டியைச் செய்யும்போது ஓர் ஏற்பாட்டை முதலிலேயே செய்துகொள்ளலாம். வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறும், எனவே பெட்டிக்குள்ளேயே ஒரு மின்னழுத்த மாற்றியை வைத்து, உள்ளே இருப்பவை எல்லாம் அதிலிருந்து மட்டும் எடுக்கும்படி செய்துவிட வேண்டும். தரவும் ஒரே ஒரு இணைப்பான் வழியாக வெளியே போகட்டும். பெட்டியின் சுவர் வெற்றிடத்தைத் தாங்கும்படியே இருக்கட்டும், நிலையத்துக்குள் போனால் அது அதிகப்படியான பாதுகாப்பு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் வாங்கும்போதே நிலையத்தின் தீ விதிகளைத் தாண்டும் வகையாகப் பார்த்து வாங்கிவிடலாம், விலை வித்தியாசத்தைவிடப் பின்னால் பிரித்து மாற்றும் செலவு அதிகம். அப்புறம் மேசைமேல் ஓடவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பச் செருகினால் பெட்டி விட்ட இடத்திலிருந்து தானே தொடர வேண்டும், கேமரா தேதியை மறந்திருக்கக் கூடாது. இந்தப் பெட்டி ஒன்று கையில் இருந்தால் பி.எஸ்.எல்.வி. தள்ளிப்போனாலும் நிலையத்துக்கு மனுப் போடலாம், நிலையம் தள்ளிப்போனால் போயத்துக்குத் திரும்பலாம்.